பம்புக்கு எழுதுனது, தக்காளிக்கு

1
அக்கா, அங்க உனக்கு என்னதான் வேலைன்னு போன வாரம் கேட்ட. சொல்ல வரல. அதான் கதையாச் சொல்றேன், போன் எழுதிக்குது.

"நெதர்லாந்தின் கண்ணாடிக் குடில்களில் காலை..." வேண்டாம். முன்னாடி என் சைக்கிள் தொலஞ்ச கதைக்கு வெச்ச ஆரம்பம் இது. இங்க ஒட்டல.

2
எங்க டீம்ல ஹெஸ்டர்னு ஒருத்தி. அனுபவசாலிங்க யோசிக்கிறதைக் கேட்டுக்கேட்டு மென்பொருள்ல ஏத்துவா. முன்னாடி பம்பு ரிப்பேருக்கு ஒண்ணு செஞ்சா. என்னென்ன கோளாறுன்னு கேட்டு வாங்கிக்கோ, எல்லாத்துக்கும் பொருந்துற ஒரே காரணத்தைத் தேடு. அவ்ளோதான் அந்த வழி. அதையே தக்காளி நோய்க்குத் தூக்கி வெச்சா. ஆறு மாச வேலை மூணே வாரத்துல முடிஞ்சுது.

தோட்டக்கார ஆரி, இலை மஞ்சள், இலை சுருட்டல்னு குடுத்தார். வைரஸ், செடியெல்லாம் புடுங்கிடுன்னுச்சு மென்பொருள். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்குப் புடுங்க ஆள் வருது. எண்பது வரிசை. நிஜந்தானாம்மா?"ன்னு ஹெஸ்டருக்குப் போன் பண்ணார்.

3
(ஹெஸ்டர் அழுதான்னு எழுதி அழிச்சேன். அவ அழற ஆளில்ல. அழுதது நா... சரி விடு.)

ஹெஸ்டர் நேர்லயே அவர் தோட்டத்துக்குப் போயிட்டா. ஆரி காப்பி குடுத்து, ஒரே ஒரு பிஸ்கட் நீட்டி, டப்பாவை மூடிட்டார். இங்க அப்படித்தான்.

"மஞ்சளும் சுருட்டலும் ஒண்ணாவா வந்துச்சு?"ன்னு கேட்டா.

"யார் சொன்னா? மஞ்சள் ஈஸ்டருக்கு முன்னாடியே, கீழ் இலைல. சுருட்டல் போன வாரம், வெயில் ஏறினப்போ, மேல."

"அதைச் சொல்லக் கூடாதா?"

"உன் மெஷின் கேட்டுச்சா? பம்புக்குப் பொறந்ததுதானே!"

பம்பு ஒரு நேரத்துல ஒரு காரணத்தாலதான் கெடும்னு வெச்சு எழுதுன வழி அது. அப்படி வெச்சிருக்கோம்னு யாரும் எழுதி வெக்கல. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே காரணம் தேடினா வைரஸ் மட்டுந்தான் மாட்டும்.

4
கதைக்கு முடிவு ஒண்ணு: எல்லாத்தையும் தூக்கிப் போட்டுப் புதுசா எழுதுறா. (எழுதிப் பாத்தேன். ஆறு மாசம் போகுது, வேற எதையோ எழுதி வெக்க மறக்குறா.)

முடிவு ரெண்டு: வழி அப்படியே இருக்கு. அதோட வாசல்ல ஒரு கேள்வி மட்டும் வெக்கிறா: "காரணம் ஒண்ணுதானா, உறுதியா?" அடுத்து யார் எடுத்தாலும் மொதல்ல அதுக்குப் பதில் சொல்லணும். தக்காளிக்கு இல்லைன்னு பதில் குடுத்து ஓட்டிப் பாத்தா, மக்னீசியம் கொறைவு, கூடவே வெயில்னு வருது.

ஆனா வைரஸ் இல்லைன்னு அதுவும் அடிச்சுச் சொல்லல. இருந்து பரவினா தோட்டமே போச்சு. இலையை லேபுக்கு அனுப்பினா, ரிசல்ட் வெள்ளிக்கிழமைதான்.

ஆரி போனைக் கையில எடுத்துட்டார். "உன் செடின்னா என்ன பண்ணுவ?"

"ஆளை நிறுத்துவேன். வெள்ளி வரைக்கும்."

முறைச்சு ஒரு பார்வை பாத்துட்டு, புடுங்க வர்ற ஆளோட நம்பரை அமுக்குறார்.

இங்கயே நிறுத்திக்கறேன். வெள்ளிக்கிழமை லேப்ல என்ன வந்துச்சுன்னு நீ சொல்லு அக்கா. நான் மக்னீசியம் பக்கம்.