ஜனார்த்தனைக் கேளுங்கோ

ஒரு கனூவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஈத்தூண்டில் வீச முடியாது. முன்னால் இருப்பவர் வீசும்போது பின்னால் இருப்பவர் துடுப்பால் வள்ளத்தை நேராகப் பிடித்திருக்க வேண்டும். நீண்ட நூல் முதலில் பின்பக்கம் விரிந்து, பிறகு தலைக்கு மேலாக முன்னே போகும். பின்னால் இருப்பவர் குனியாவிட்டால் தூண்டில் முள் காதில் மாட்டும்.

"டேய், குனி. உன்ர மொட்டையில கொழுவினா மீன் சிரிக்கும்," என்றார் ஜனார்த்தன்.

"நீ முதல்ல தண்ணிக்குள்ள எறி. போன வருசம் மரத்தையெல்லோ பிடிச்சனி," என்றார் கீதன்.

"அது பெரிய மரம். பாவம் எண்டு திருப்பி விட்டனான்."

ஒக்ரோபர் வந்தால் இருவரும் கனடாவில், ஒஷாவாவுக்கு வடக்கே உள்ள இந்தச் சிறிய ஏரிக்கு வருவார்கள். மான் மயிரையும் கோழி இறகையும் முள்ளில் சுற்றிக் கட்டிய, 'ஈ' எனப்படும் பொய் இரை, அதை மீன்குஞ்சென்று நம்பி வரும் பாஸ் மீன். பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவார்கள். கறி வைக்காத மீனுக்கு ஏன் பெற்றோல் எரிக்கிறீர்கள் என்று கீதனின் மனைவி கேட்பாள். கரையில் மேப்பிள்கள் முக்கால்வாசி கொட்டிவிட்டன. நீரில் மிதந்த இலைகளை நூல் அடிக்கடி இழுத்து வந்தது.

கீதன் இன்று மீனுக்காக வரவில்லை. மகள் நிலாணியின் கலியாணப் பேச்சு நின்றுபோயிருந்தது. அவளும் அபிஷனும் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது பழகியவர்கள். கோடையில் அபிஷனின் தாய் பேபியும் தகப்பன் ஸ்ரீஸ்கந்தராசாவும் மல்வேர்னில் உள்ள கீதனின் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தார்கள். எந்த மண்டபம் என்பதுவரை பேச்சு போனது. செப்டெம்பரில் ஒரு தொலைபேசி வந்தது. சாதகம் பொருந்தவில்லையாம். அவர்கள் நிலாணியின் சாதகத்தைக் கேட்டு வாங்கியதே இல்லை.

அபிஷன் தாயை எதிர்க்கக்கூடியவன் அல்ல. தாங்கள் மதிக்கிற ஒருவர் வந்து கதைத்தால் அம்மா இறங்கி வருவா என்று மட்டும் நிலாணியிடம் சொல்லியிருந்தான். ஜனார்த்தன் அப்படியான ஒருவர். ஸ்ரீஸ்கந்தராசாவும் அவரும் ஒரே கோயில் நிர்வாகசபையில் இருக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. சம்பந்தம் பேசும்போது இரண்டு பக்கமும் ஊரறிந்த ஒருவரிடம் விசாரிப்பது வழமை. பிள்ளைகள் தாங்களே விரும்பியிருந்தாலும் விசாரணை நிற்காது. அன்று பேபி கப்பைக் கீழே வைத்துவிட்டு, "உங்களை ஊரில தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இஞ்ச இருக்கினமோ?" என்று சிரித்தபடி கேட்டபோது கீதன் யோசிக்கவில்லை. "ஜனார்த்தனைக் கேளுங்கோ," என்றார்.

இருவரின் ஊர்களுக்கும் இடையில் ஒரு வயல்வெளிதான். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் கண்டது தொண்ணூற்று மூன்றில், ஸ்காபரோவில், ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில். அப்போது சந்தித்த எல்லாத் தமிழரும் இரண்டாவது பேச்சிலேயே கீதனிடம், "ஊரில எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?" என்று கேட்டார்கள். சாதியை அந்தச் சொல் இல்லாமல் கேட்கும் கேள்வி அது. ஜனார்த்தன் மட்டும் கேட்கவில்லை. அன்றும் இல்லை, அதன் பிறகும் இல்லை. அதனால்தான் கீதன் அவரை எங்கேயும் சகோதரன் என்று அறிமுகப்படுத்துவார்.

பேபி தொலைபேசி எடுத்தவவோ என்று கீதன் ஓகஸ்டிலேயே விசாரித்திருந்தார். "ஒருத்தரும் எடுக்கேல்லை மச்சான்," என்றார் ஜனார்த்தன்.

இப்போது கீதன் துடுப்பை மடியில் வைத்தார்.

"மச்சான், ஸ்ரீஸ்கந்தராசாவோட ஒருக்காக் கதைக்கிறியே?"

ஜனார்த்தன் நூலைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். "என்னத்தைக் கதைக்கிறது? சாதகம் எண்டு சொல்லிப்போட்டினம்."

"சாதகம் ஆர் வாங்கினது?"

"விடு. நிலாணிக்கு உவனைவிட நல்ல பெடியன் கிடைப்பான்."

"அவளுக்கு வேற பெடியன் வேண்டாம். வேலைக்குப் போறாள், வாறாள், அறைக்கதவைச் சாத்துறாள். நீ போய், எனக்கு உவரை முப்பது வருசமாத் தெரியும் எண்டு ஒரு வார்த்தை சொன்னாக் காணும்."

"பேபியக்கா கூடாத மனுசி இல்லை, மச்சான். அவவுக்கும் கவலைதான். நிலாணியைப் போல ஒரு பிள்ளை எங்களுக்குக் கிடைக்காது எண்டு அழுதவ."

அவர் அடுத்த வீச்சுக்குத் தடியை உயர்த்தியிருந்தார்.

"எப்ப அழுதவ?" என்றார் கீதன்.

நூல் பாதியில் தளர்ந்து, சுருண்டு நீரில் விழுந்தது.

"ஆரோ சொன்னவை."

"ஆர்?"

ஜனார்த்தன் திரும்பவில்லை. திரும்பினால் கனூ சரியும்; அது அவருக்கு வசதியாக இருந்தது.

"எடுத்தவ," என்றார். "ஓகஸ்ட் கடைசியில."

"எடுக்கேல்லை எண்டு சொன்னனி."

"உனக்கு மனம் நோகும் எண்டுதான் சொல்லேல்லை."

"என்ன கேட்டவ?"

"எல்லாரும் கேக்கிறதுதான்."

"நீ என்ன சொன்னனி?"

"நான் பொய் சொல்லேலுமே, கீதன்? நாளைக்கு வேற ஆரும் சொன்னா, ஜனார்த்தன் மறைச்சுப்போட்டான் எண்டு கோயில் முழுக்கக் கதைக்கும். உன்னைப் பற்றிக் கூடாம ஒரு சொல் சொல்லேல்லை. தங்கமான மனுசன், குடி இல்லை, பிள்ளை கெட்டிக்காரி, எல்லாம் சொன்னனான்."

"சொல்லிப்போட்டு?"

"அவை எங்கட ஆக்கள் இல்லை எண்டும் சொன்னனான்."

காற்று கனூவை நாணல் பக்கம் தள்ளியது. கீதன் அதைத் தடுக்கவில்லை. கோபத்துக்கு முன்னால் வேறொன்று அவருக்கு உறைத்தது.

"நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை. உனக்கெப்பிடித் தெரியும்?"

"இப்ப ஏன் அதை..."

"எப்பிடித் தெரியும்?"

"நீ அறைக்கு வரப்போறாய் எண்டதும் அம்மாவிட்ட விசாரிச்சனான். அப்ப அவ கொழும்பில லொட்ஜில நிண்டவ. ஆரெண்டு தெரியாம எப்பிடி ஒண்டா இருக்கிறது? ஆனா பார், தெரிஞ்சும் உன்னைச் சேர்த்தனான்தானே. அதையும் நீ யோசிக்க வேணும்."

அந்த அறையில் அவர்கள் நாலு வருடம் இருந்தார்கள். நாலு வருடமும் சமைத்தது ஜனார்த்தன். கீதன் அகப்பையைத் தொட்டால், "தள்ளு, நீ கறியைக் கெடுத்துப்போடுவாய்," என்று பறித்துவிடுவார். கீதன் சட்டி கழுவுவார். எத்தனையோ விருந்துகளில் இதைச் சிரிப்புக் கதையாக, நண்பனின் அன்புக்குச் சாட்சியாக, கீதனே எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். ஜனார்த்தனும் பக்கத்தில் இருந்து சிரித்திருக்கிறார்.

கீதன் துடுப்பை எடுத்துக் கரைக்கு வலித்தார். ஜனார்த்தன் நூலைச் சுற்றினார். நுனியில் ஒரு சிவப்பு இலை வந்தது.

கனூவைக் காரின் மேல் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கம் கீதன், மறுபக்கம் ஜனார்த்தன், தூக்கி வைத்தார்கள். கயிறு கட்டும்போது கீதனின் கைபேசி அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு காரின் முன்பக்கத்தில் வைத்தார்.

"அப்பா, ஜனா மாமாவோட கதைச்சீங்களா?"

கீதன் வாய் திறக்கும் முன் ஜனார்த்தன் குனிந்து கைபேசிக்குப் பக்கத்தில் வந்தார். "ஓம் பிள்ளை, மாமா இஞ்சதான் நிக்கிறன். நான் போய்க் கதைக்கிறன். நீ ஒண்டுக்கும் யோசியாத."

குரலில் ஒரு குறையும் இல்லை. அவளுடைய பிறந்தநாட்களில் பாட்டுப் பாடிய அதே குரல்.

"தாங்க்ஸ் மாமா. நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க. ஐ நோ."

ஜனார்த்தன் நிமிர்ந்து கீதனைப் பார்த்தார். வேண்டாம் என்று கையை அசைத்தார்.

கீதன் ஸ்பீக்கரை நிறுத்தி, கைபேசியைக் காதில் வைத்தார்.

"நிலாணி, மாமா ஏற்கனவே கதைச்சிட்டார். பேபி அன்ரி அவரிட்டத்தான் விசாரிச்சவ. அவர் சொன்ன பதிலாலதான் எல்லாம் நிண்டது."



"என்ன சொன்னவர்?" என்றாள் அவள். "அப்பா, எங்களைப் பற்றி அப்பிடி என்ன இருக்கு சொல்ல?"

அவள் இங்கே பிறந்தவள். சாதி என்ற அந்தச் சொல் வீட்டுக்குள் வராமல் கீதனும் மனைவியும் அவளை வளர்த்திருந்தார்கள். யார் கேட்டாலும் ஊரின் பெயரோடு நிறுத்திக்கொள்ளப் பழக்கியிருந்தார்கள். ஏன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அது தங்கள் வெற்றி என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

"நான் வீட்டை வந்து சொல்லட்டே?"

"இல்லை அப்பா. இப்ப சொல்லுங்க."

ஜனார்த்தன் கயிற்றின் மறுமுனையோடு நின்றார். கீதன் அவரைக் கடந்து, கரையோரமாக, அவருக்குக் கேட்காத தூரம் நடந்தார். பிறகு மகளிடம் ஊரின் பெயரிலிருந்து சொல்லத் தொடங்கினார்.