பாதி டப்பா

கிட்ட வாங்க செல்லங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. ஒரு டப்பாப் பழம் தாராவியில ரெண்டு பொம்பளைகளையும் ஒரு படிச்ச பொண்ணையும் திண்டாட வச்ச கதை சொல்றேன்.

பழைய பிளாஸ்டிக் உருக்குற பட்டறையில மாடத்திக்கு வேலை. அதே புகையில நின்ன அவ அக்கா புத்துநோய்ல போய்ச் சேந்தா. அதிலேருந்து, அடுத்தது நான்தானோன்னு மாடத்திக்கு ஒரே பயம்.

அந்தச் சமயம் மாட்டுங்காவிலேருந்து ஷ்ருதின்னு ஒரு ஆராய்ச்சிப் பொண்ணு வந்தா. புகை உடம்புக்குள்ள போயி டி.என்.ஏ.வை அரிக்குமாம், அரிச்ச துணுக்கு மூத்திரத்துல வருமாம். பழமும் கீரையும் தின்னா அது குறையுதான்னு பாக்கணுமாம். குலுக்கல்ல மாடத்திக்கு தினம் ஒரு டப்பா விழுந்தது. கொய்யா, நெல்லிக்கா, கீரைன்னு இருக்கும். அடுத்த வீட்டு விஜயராணியும் அதே பட்டறைதான். ஒப்பிட்டுப் பாக்க வேணுமேன்னு அவளுக்கு வழக்கமான சாப்பாடு மட்டும்.

மழை ஓஞ்சப்போ ரெண்டு பேரோட மூத்திரத்தையும் சோதிச்ச முடிவு வந்தது. ஷ்ருதி தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

“உங்களுக்குக் கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு அக்கா. டப்பாவே வாங்காத இவாளுக்கும் எப்படி அதே அளவு குறையும்?”

விஜயராணிக்குச் சிரிப்பு பீறிட்டது. “யக்கா தெனம் பாதியைத் தகர மறைப்புக்கு மேல நீட்டிருவாள்லா!”

“அச்சச்சோ! உங்களுக்குன்னுதானே கொடுத்தேன்?”

“பக்கத்துல ஒருத்தி டீயில பாவ் ரொட்டியை நனைச்சுத் தின்னுக்கிட்டிருக்கா. எனக்கு எப்படித் தாயி தொண்டையில எறங்கும்?” சொல்லிட்டாளே ஒழிய, மாடத்திக்கு பகீர்னது. முழுசையும் தின்னிருந்தா தப்பிச்சிருப்பேனோ? “அப்ப எனக்கு நோய் வருமா, வராதா?”

“அதை இந்த நம்பர் சொல்லாது. இப்போதைக்கு எவ்வளவு அரிப்புன்னுதான் காட்டும். அதுவும் ஏறி இறங்கும். வேணும்னா மறுபடி சேத்துக்கறேன். ஆனா நீங்க மட்டும்தான் சாப்பிடணும்.”

“தின்னுக்கா,” விஜயராணி குரல் இறங்கிப்போச்சு. “நான் கதவைச் சாத்திக்கிடுதேன்.”

ஷ்ருதி அன்னிக்குக் கொண்டாந்த கொய்யாவை மாடத்தி கையில வச்சுப் பாத்தா. அக்கா முகம் வந்தது. அதே புகையைக் குடிக்கிற விஜயராணியும் எதுக்க நிக்கா. யாருக்காகப் பயப்படுறதுன்னே தெரியலை.

“எனக்கு ஒண்ணும் வெளங்கலை தாயி. ஒன் நோட்டுலேருந்து என் பேரை அடிச்சிரு”ன்னு பழத்தை மூணா வெட்டினா.

“உப்பு போடலியாக்கா?”ன்னா விஜயராணி.

“ஏட்டி, தின்னுறதே ஓசி!”

செஞ்சது சரியா தப்பான்னு இன்னும் அவளுக்குக் கலக்கந்தான். ஷ்ருதியும் ஒரு துண்டை வாங்கி, என்ன எழுதன்னு தெரியாம மென்னுக்கிட்டிருந்தா.

உங்க வீட்டு வாசல்ல நோய்நொடி கால் வைக்காம, வாங்குற பழத்தைப் பங்கு வைக்க ஆளும் குறையாம, நல்லா இருங்க கண்ணுங்களா.