தலையாட்டாமல் பத்து வரை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் தலையாட்டியதால் வந்த வினை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா ஒரு கேள்வி கேட்டாள். நான் பூம்பூம் மாடு மாதிரி ஆட்டிவிட்டேன். அதிலிருந்து சோறு இறங்கவில்லை. இன்று ஞாயிறு. நாளைக் காலை பத்து மணிக்குள் அக்கா ஒரு தாளைக் கொடுத்தாக வேண்டும். அதற்குள் நான் இதை எழுதி முடித்தாக வேண்டும்.

அக்கா மழலையர் பள்ளி ஆசிரியை. (என் சொந்த அக்காதான். 'தோழியின் அக்கா' என்று மாற்றலாமா என்று யோசித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது.)

2

தொடக்கம் ஒன்று: 'அந்த வகுப்பறையில் பதினெட்டுக் குட்டி நாற்காலிகள் இருந்தன. அவற்றின் மேல் பிஞ்சு விரல்களின்—'

சீ, பிஞ்சு விரல்களாம். அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: 'கல்வி என்பது—'

இதற்கு மேல் போனால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்வேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

3

அக்கா பள்ளியில் வருடத்துக்கு மூன்று தடவை மதிப்பீடு உண்டு. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எதிரே உட்காரவைப்பாள். பத்து பட்டன்களைப் பரப்பி, "எத்தனை இருக்கு?" என்பாள். எழுத்து அட்டைகளை வைத்து, "இதுல 'ம' எது?" என்பாள். தெரிந்தால் தாளில் டிக், தெரியாவிட்டால் சுழி. பிள்ளைகளுக்கு ரேங்க் போடுவதற்கல்ல இது. அடுத்த மாதம் எதைத் திரும்பச் சொல்லித்தர வேண்டும் என்று டீச்சருக்குக் காட்டத்தான். சுழி வாங்கியவர்களை நாலு நாலு பேராக உட்காரவைத்துத் துணை ஆசிரியை தனியாகச் சொல்லித்தருவார்.

அக்கா வகுப்பில் பதினேழு பேருக்கும் எல்லாம் டிக். காய்ச்சலில் வராத ஒருத்தி மட்டும் பாக்கி. துணை ஆசிரியையைப் பக்கத்து வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். மேற்பார்வையாளர் அம்மா, "உங்க வகுப்பைப் பார்க்க மத்த டீச்சர்களை அனுப்பறேன்" என்றார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் வேலையை நிரந்தரமாக்குவதற்கும் இந்தத் தாளைத்தான் பார்ப்பார்கள்.

அப்புறம் கழுத்து சுளுக்கியது. அலமாரி மேலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கப் போய்ச் சுளுக்கியது. டாக்டர் ஒரு வாரத்துக்குப் பட்டை மாட்டிவிட்டார். தாடையிலிருந்து காரை எலும்புவரை அசையாது.

அந்த வாரம்தான் காய்ச்சல்காரி வந்தாள். வகுப்பில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். விரல் வைத்து எண்ணினாள். பத்தாவது பட்டன் முடிந்தது. அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி முதல் பட்டனில் விரலை வைத்து, "பதினொண்ணு, பன்னெண்டு" என்று போய்க்கொண்டே இருந்தாள். பதினாறில் நின்றாள்.

"டீச்சர், நீங்க ஏன் இன்னும் போதும்னு சொல்லல?"

"நான் எப்பம்மா அப்படிச் சொல்லுவேன்?"

"இப்படி" என்று ஆட்டிக் காட்டினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சின்ன ஆட்டல். பத்துக்கு வந்ததும் பெரிதாக ஒன்று.

அக்கா ஒரு புதுத் தாளை எடுத்தாள். பட்டையோடே மற்ற பதினேழு பேரையும் திரும்பக் கூப்பிட்டாள். சிலர் பத்தைத் தாண்டிப் போனார்கள். சிலர் நாலு எழுத்து அட்டைக்கும் மேலே விரலைச் சுற்றிக்கொண்டு, அவள் தலை எந்தப் பக்கம் சாயும் என்று காத்திருந்தார்கள். சுண்டெலியையும் சேர்த்துப் பதினெட்டில் பதினொன்று சுழி.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: அக்கா ஏமாற்றவில்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது நம் வாயும் திறந்துகொள்கிறதே, அந்த மாதிரிதான். ஆசை ஆசையாக ஆட்டியிருக்கிறாள், வருடம் முழுக்க.)

4

அக்கா கதாபாத்திரமாக அடங்க மாட்டேன் என்கிறாள். நல்லவளாக எழுதினால், வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் இரண்டு தாளையும் வைத்துக்கொண்டு திருட்டு முழி முழித்தவள் யார்? கெட்டவளாக எழுதினால், அன்று சாப்பிடாமல் எழுந்து போனவள் யார்?

"பழைய தாளை மேடம் பார்த்தாச்சுடி. சுண்டெலி பேரை மட்டும் சேர்த்தா போதும். யாரும் கேக்கப்போறதில்ல" என்றாள்.

"அப்ப பிள்ளைங்க?"

"ரெண்டு மாசத்துல ஒண்ணாம் வகுப்பு போயிடுங்க. அங்க ஒரு ரூமுக்கு நாப்பது பேரு. எந்த டீச்சர் முகத்தைப் பார்த்துடி எண்ணும்?" நகத்தைக் கடித்துத் துப்பினாள். "இப்பவே சொன்னா துணை டீச்சரைத் திரும்ப இங்க அனுப்புவாங்க. ரெண்டு மாசம் தாராளம். ஆனா என் வேலை? எட்டு வருஷமாச்சுடி."

பழைய தாளை என் பக்கம் தள்ளினாள். பிறகு கேட்டாள்: "பழைய தாளையே கொடுத்துடவா?"

நான் தலையாட்டினேன்.

5

மாற்று முடிவுகள்.

அ. புதுத் தாளைக் கொடுக்கிறாள். மேற்பார்வையாளர் கண் கலங்கி, "உங்களை மாதிரி டீச்சர்தான்—"

எழுதின எனக்கே நம்பிக்கையில்லை.

ஆ. பழைய தாளைக் கொடுக்கிறாள். வேலை நிரந்தரமாகிறது. ஒண்ணாம் வகுப்பில் சுண்டெலி புது டீச்சரின் முகத்தைத் தேடுகிறாள். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கிறார். சுண்டெலி எண்ணிக்கொண்டே—

இ. புதுத் தாளைக் கொடுக்கிறாள். பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த வருடம் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். இப்படியும் நடக்கும். என் பயமே இதுதான்.

திரும்பப் படித்துப் பார்த்தேன். 'ஆ'வில் மட்டும் குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். யோக்கியதையைப் பாருங்கள்! வெள்ளிக்கிழமை அக்காவுக்கு ஒரு பக்கம் ஆட்டினேன், இப்போது உங்களுக்கு இன்னொரு பக்கம் ஆட்டுகிறேன். கதை எழுதுகிறவர்களுக்கு இது புத்தியிலேயே ஊறிய பழக்கம்.

6

சற்று முன் அக்கா இதுவரை எழுதியதைப் படித்தாள். (எழுத மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தேன்.)

"அடிப்பாவி!" என்றாள். தாள்களைப் புரட்டினாள். "முடிவு எங்கடி?"

"நீதான் சொல்லணும்."

"நீதானேடி அன்னைக்கு ஆமான்னே?"

"பயத்துல ஆட்டினேன்க்கா. உன் வேலை போயிடுமேன்னு. அது பதில் இல்ல."

"சரி, இப்ப என்ன சொல்றே?"

பதில் நாக்கு நுனிவரை வந்தது. எழுந்து போனேன். நேற்றுதான் கழற்றி ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய கழுத்துப் பட்டையை எடுத்து என் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையதன் மேல் விரலை வைத்து என் முகத்தைப் பார்த்தாள். புதியதன் மேல் வைத்துப் பார்த்தாள். பட்டை தாடையில் உறுத்துகிறது. அழுகை வருகிறது, அதைக்கூட இப்போது காட்டக் கூடாது. அவள் விரல் இன்னும் மேஜை மேல்தான் இருக்கிறது. நான் குனிய முடியாமல் குத்துமதிப்பாக இந்த வரிகளைக் கிறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

(பதினொரு பிள்ளைகள் என்று மறுபடி எழுதப் போனேன். அடித்துவிட்டேன். எட்டு வருஷம் என்று எழுதப் போனேன். அதையும் அடித்துவிட்டேன்.)

நீங்களும் என் முகத்தைப் பார்க்காதீர்கள். எந்தத் தாள்?