நிமிடத்துக்கு ஒன்பதாயிரம்

எங்கள் குடும்பத்தில் கணினி படித்த முதல் ஆள் என் தம்பி மகன் ஸ்டீபன்ராஜ். அதற்காக அவன் அச்சடிப்பதெல்லாம் வேதமாகிவிடாது. 2008-இல் திண்டுக்கல்லில் அவன் திறந்த கடைக்கு என் அப்பாவின் பெயரை வைத்தான்: அந்தோணிசாமி சிஸ்டம்ஸ். பெயர் வைத்ததால், என் கையெழுத்து இல்லாமல் அங்கிருந்து ஒரு தாள் வெளியே போகக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன்.

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலை நடத்தும் நாச்சிமுத்து, இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல டேட்டாபேஸ் தன் மில்லின் வேலையைத் தாங்குமா என்று சோதித்து அறிக்கை கேட்டார். உலகமெங்கும் ஒத்துக்கொண்ட சோதனை ஒன்று உண்டு. கற்பனைக் குமாஸ்தாக்கள் நூறு பேர் ஒரே நேரத்தில் ஆர்டர் போடுவார்கள். நிமிடத்துக்கு எத்தனை ஏறுகிறது என்பதே மதிப்பெண். ஸ்டீபன் ஒன்பதாயிரம் என்று அச்சடித்துக் கொண்டுவந்தான்.

முப்பது வருடம் மில் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன் நான். நல்ல நூல்கோனாகப் பொறுக்கிச் சோதனைக்கு அனுப்பும் மேஸ்திரிகளின் முகம் எனக்குத் தெரியும். ஸ்டீபனுக்கும் அன்று அதே முகம். துருவிக் கேட்டதில் சொன்னான்: ஒவ்வொரு ஆர்டரும் டிஸ்கில் எழுதி முடியும்வரை காத்திருக்கும் ஏற்பாட்டை அணைத்துவிட்டானாம். எல்லாரும் அப்படித்தானாம்.

“கமிட் ஆயிருச்சுன்னு திரையில வந்துரும் பெரியப்பா. டிஸ்க் அப்புறமா எழுதிக்கிடும்.”

“கமிட்டுன்னா என்னலே அர்த்தம்?”

“வாக்குக் குடுத்த மாதிரி.”

“யாரு பேர்ல?”

சோதனையை மறுபடி ஓட்டச் சொல்லி, ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். கமிட் ஆனதாகப் பக்கத்துக் கணினி குறித்துவைத்திருந்ததில் கடைசி ஆயிரத்துச் சொச்சம் ஆர்டர்கள் டேட்டாபேஸில் இல்லை. மின்சாரத்தை நிறுத்திப் பார் என்று அந்தச் சோதனையின் விதிப்புத்தகமே சொல்கிறது. தினமும் மின்வெட்டு விழும் ஊரில் பிறந்த பிள்ளை, அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டியிருந்தான்.

ஒழுங்காக ஓட்டியபோது ஆயிரத்து நூறு. அதில்தான் கையெழுத்திட்டேன். கடைக்கு வந்த முதல் பெரிய வேலை போய்விடும் என்று கெஞ்சினான்.

போனது. இன்னொரு கம்பெனி எட்டாயிரத்து ஐந்நூறு காட்டியிருந்தது. அவர்களுடைய பிளக்கையும் பிடுங்கிப் பாருங்கள் என்றேன் நாச்சிமுத்துவிடம்.

“ஏனுங்க, நல்லா ஓடுற மிஷினை எதுக்குங்க பிடுங்கணும்?” என்றார் அந்த மேதை.

மறுநாள் ஸ்டீபன் கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றி என் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தான். இனிமேல் தன் பெயரிலேயே நடத்திக்கொள்வதாகச் சொன்னான். எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் அடித்துக்கொள் என்று சொல்லி, பலகையை உள்ளே எடுத்துவைத்தேன்.