எரித்துவிடு என்ற வரி

தீயெச்சரிக்கை மணி அலறியது. டொரன்டோ பார்க்டேலின் அந்த உயர்ந்த கட்டடத்தில் எங்கும் தீ இல்லை. ஒன்பதாம் மாடியில் யோகமலர் ஒரு கடிதத்தின் கடைசி வரியை வாசித்ததுதான் காரணம். 1993 மாசியில் தொடங்கிய இதைக் கட்டடத்துச் சனம் விரைவிலேயே கண்டுபிடித்துவிட்டது. கணவர் யாழ்ப்பாணத்தில் காணாமற்போன பிறகு தனியாக வந்து குடியேறியவள் அவள். குப்பை அறைக்கு வெளியே யாரோ விட்டுப்போன மேசையை ஆள்பிடித்து மேலே ஏற்றினாள். அதன் லாச்சியை இழுத்துத் திறந்தபோது உள்ளே ஒரு கட்டுக் கடிதங்கள் கிடந்தன. நூறு வருடத்துக்கு முன் இறந்த ஓர் அமெரிக்கப் பெண் எழுத்தாளர், கல்யாணம் கட்டி டொரன்டோவுக்கு வந்த தன் தங்கைக்கு எழுதியவை. பல்வலி, சொல்லாமல் போன காதலன், பதிப்பாளருக்குக் கொடுத்த வசவு எல்லாம் அவற்றில் இருந்தன. ஒவ்வொன்றும் 'வாசித்ததும் எரித்துவிடு' என்று முடிந்தது. தங்கை ஒன்றையும் எரிக்கவில்லை. யோகமலர் அகராதியோடு தட்டுத்தடுமாறி அந்த வரிக்கு வரும்போதெல்லாம் தாளின் ஓரம் தோசைக்கல் போலச் சுடும், மணி அடிக்கும், சனம் போர்வையோடு பனியில் நிற்கும், தீயணைப்பு வண்டி வந்து வெறுங்கையோடு திரும்பும்.

கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட மன்னார்க்காரர் கஸ்பர் மணியின் வயரைக் கழற்றினார். மணி வயரில்லாமல் அடித்தது. செய்தி கேட்டு ஒரு பேராசிரியர் வந்தார். காதலனைப் பற்றிய பக்கத்தை உரக்கப் படித்துச் சிரித்தார். எல்லாவற்றையும் புத்தகமாகப் போடலாம் என்றார். யோகமலர் அவர் கையிலிருந்து தாளைப் பிடுங்கினாள்.

"தங்கச்சிக்கு எழுதினதைத் தெருவில வைச்சுச் சிரிக்கவோ?"

"அப்ப நீங்கள் ஆர், அக்கா? அந்தத் தங்கச்சியோ?" என்றார் கஸ்பர்.

"ஓம். இண்டையில இருந்து."

நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியது: கடிதங்களை எரிக்க வேண்டும், அல்லது வீட்டைக் காலி செய்ய வேண்டும். போக அவளுக்கு வேறு இடமில்லை. தவணை முடிந்த காலையில், சாமான்களை இறக்க ஆட்கள் வந்தபோது, அவள் கதிரையோடு கீழே இறங்கி வாசலில் அதைப் போட்டு இருந்துகொண்டு கட்டை அவிழ்த்து முதற் கடிதத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். மணி அடித்தது. அவள் நிறுத்தவில்லை. ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். சனம் தேத்தண்ணீரோடு வந்து அவளைச் சுற்றி நின்றது. கடைசிக் கடிதம் முடிவதற்குள் மணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதன் பிறகு அவள் வாசித்தால் அது மெல்லச் செருமுவதோடு சரி. தீயணைப்பு வண்டி வருவதும் நின்றது, நோட்டீஸும் கிழிந்தது. உண்மைத் தீக்கு அது பழைய குரலில்தான் கத்தும் என்பது, ஆறாம் மாடியில் ஒருவர் மீன் பொரித்துக் கருக்கியபோது தெரிந்தது. நகருக்கு வெளியே அஜக்ஸுக்கு வீடு வாங்கிப் போன குடும்பங்கள், அங்கே செருமல் கேட்காமல் நித்திரை வருவதில்லை என்று குறைப்பட்டன.

சில வருடம் கழித்து, அவள் வீட்டுக் குழாயைத் திருத்த வந்த கஸ்பர், மேலே மணி செருமுவதைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"எழுதின மனுசியே எரிக்கச் சொல்லுறா. உங்களுக்கேன் அக்கா இந்தப் பிடிவாதம்?"

யோகமலர் சூடான தாளை மடித்து லாச்சிக்குள் வைத்தாள்.

"ஆமி செக்கிங்குக்குப் பயந்து என்ரை மனுசன்ரை கடிதமெல்லாத்தையும் நானே அடுப்பில வைச்சனான், தம்பி, இப்ப அந்தாள்ரை கையெழுத்துக்கூட ஞாபகமில்லை, ஒருக்காப் பயந்தது போதும்."