பியாட்ரிஸுக்குக் கேட்ட இசைத்தட்டுகள்

1974 தொடங்கி, மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய சிலிபினில் குடியிருந்த பியாட்ரிஸின் காதில் விழுந்தவை அவள் கணவன் ஆம்புரோஸ் விவரித்த பாட்டுகள் மட்டுமே. கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பாலை ஷீட்டாக உருட்டும் இயந்திரத்தருகே ஒன்பது வருடம் நின்றதில், மகள் பிறக்கும் முன்பே இரு காதும் போயிருந்தன. பேச்சை உதடு பார்த்துப் புரிந்துகொள்வாள். ஆம்புரோஸ் ஈப்போ நகரில் இசைத்தட்டுக் கடை விற்பனையாளன். ஒரு சனிக்கிழமை சோறு தின்றபடி, புதிதாக வந்த கெரோஞ்சோங் என்ற மலாய்ப் பாட்டுத் தட்டைப் பற்றி, சம்பான் படகு தண்ணீரில் சும்மா மிதக்கிறது, துடுப்புப் போட யாருக்கும் அவசரமில்லை என்றான். பியாட்ரிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் வயலின் அழுகிறதே, வாசிப்பது யார் என்று கேட்டாள். வயலினைப் பற்றி அவன் சொல்லவே இல்லை.

அதன்பின் வாரம் ஒரு தட்டு. ஜாஸ் தட்டில் சாக்ஸபோன்காரன் வீட்டுக்கு வழி தெரிந்தும் சந்து சந்தாகச் சுற்றுகிறான் என்றான். நாதஸ்வரத் தட்டின் முதல் பக்கம் கல்யாண வீடு, மறுபக்கம் எல்லாரும் போனபின் பெண்ணின் அப்பா நாற்காலி அடுக்குவது என்றான். டிஸ்கோ, நின்ற இடத்திலேயே ஓடும் லாரி. அதைக் கேட்டபடி அவள் மீன் குழம்பைக் கருகவிட்டாள். சோம்பல்பட்டு "நல்லாருக்குலா" என்று முடித்த வாரங்களில் அவளுக்கு ஊசி உரசும் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. பிடிக்காத தட்டைப் புகழ்ந்தாலும் அதே உரசல்தான். எதிர்வீட்டுச் செல்லாயி அவனை, கரண்டு வேண்டாத ரேடியோ என்பாள்.

1983 கிறிஸ்துமஸுக்குக் கோயில் பாடகர் குழு கேசட் வெளியிட்டது. அதில் மகள் பெட்ரீசியா தனியாக ஒரு பாட்டுப் பாடியிருந்தாள். பதினாறு வருடமாக மகளின் குரலை அறியாத பியாட்ரிஸ், கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு கணவனின் வாயையே பார்த்தாள். தேன் என்றான், குயில் என்றான், வானத்துச் சம்மனசு என்றான். உரசல். மூன்று நாளும் உரசல். நாலாம் நாள் அவள் சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெட்ரீசியாதான் அம்மாவின் தோளைத் தொட்டுத் திருப்பினாள். "ஊரான் பாட்டையெல்லாம் கிழிக்கிறீங்க. என்னையும் கிழிங்கப்பா, ஒண்ணும் ஆவாதுலா."

ஆம்புரோஸ் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். "மொத வரி பயம். ரெண்டாவது வரியில மேட்டுல ஏறுற சைக்கிள் மாதிரி மூச்சு வாங்குது, சுருதி இறங்கிப் போவுது. கடைசியில யாரும் கேக்கலன்னு நெனச்சுப் பாடுறா. அங்கதான் இவ கொரலே இருக்கு."

பாட்டு முடியும்வரை பியாட்ரிஸ் கண்ணை மூடியிருந்தாள். "ஆமா, ரெண்டாவது வரி இறங்குது," என்றாள் கணவனிடம். "எனக்குக் காது கேட்ட காலத்துல உங்கம்மா ஜெபம் சொன்ன மாதிரியே."

மறு வருடம் பெட்ரீசியா அந்த வரியைத் திருத்திப் பாடினாள். ஆம்புரோஸ் ஒளிக்காமல் விவரித்தான். பியாட்ரிஸ் முழுதும் கேட்டுவிட்டு, போன வருடத்ததைச் சொல்லச் சொன்னாள். மகள் கல்யாணமாகி குனோங் ராபாட்டுக்குப் போன பின்னும், சனிக்கிழமை சாப்பாடு முடிந்தால் புதுத் தட்டு ஒன்று, பிறகு அந்தப் பழைய பாட்டு என்பது வீட்டு வழக்கமாக இருந்தது. 1986இல் கேசட்டின் நாடா அறுந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.