படுத்தா வலிக்கலம்மா

என் தலைக்குள்ள ஒரு குழாய் இருக்கு. பேச்சுக்குச் சொல்லல, நிஜக் குழாய். வலது காதுக்குப் பின்னால தொடங்கி, கழுத்துத் தோலுக்கு அடியில இறங்கி, நெஞ்சு வழியா வயித்துக்குள்ள போய் முடியுது. எல்லாருக்கும் மூளையில தண்ணி ஊறும், தானா வடிஞ்சிடும். எனக்கு ஊறும், வடியாது. பொறக்கும்போதே அப்படி. அதனால டாக்டருங்க ஒரு வடிகால் போட்டுவிட்டிருக்காங்க. காதுக்குப் பின்னால தடவினா பட்டாணி மாதிரி ஒண்ணு தட்டுப்படும், அதுதான் வால்வு. தடவிப் பாக்கலாமான்னு கேக்காதீங்க, கேக்காத ஆளே கிடையாது.

வேலை கண்ணாடிக் கடையில. ஃப்ரேமுக்குச் சூடு காட்டி, வந்தவங்க காதுக்கும் மூக்குக்கும் ஏத்தபடி வளைச்சுக் குடுக்கறது. கடையில என் பேரு குழாய். "குழாய், இந்தம்மாவுக்கு மூக்குல அழுத்துதாம், என்னன்னு பாரு"ன்னு முதலாளி கூப்பிடுவார். வந்தவங்க முழிப்பாங்க. நான் அதுக்கெல்லாம் கோவிச்சுக்கறதில்ல. இந்தக் கடையில தலைக்கனம் இருக்க உனக்கு மட்டும்தான்டா நியாயம் இருக்குன்னு லென்ஸ் தேய்க்கிற அண்ணன் சொல்லுவார். நானும் சிரிப்பேன்.

எனக்குக் கோவம் வர்ற இடம் வேற. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சொல்லுவாங்க இல்லையா, எங்க வீட்டுல அந்தப் பழமொழி செல்லாது. எங்க வீட்டுல என் தலைவலி முதல்ல எங்கம்மாவுக்குத்தான் தெரியும். நான் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்குற விதத்துலயே கண்டுபிடிச்சுடுவா. ஆஸ்பத்திரியில டாக்டர் என் மூஞ்சியைப் பாத்து "எப்படி இருக்கு"ன்னு கேப்பார், பதில் அம்மா வாயிலேர்ந்து வரும். எனக்கு முப்பது வயசு ஆகப்போகுது, மீசையில நரை எட்டிப்பாக்குது. "நான் சொல்றேன்மா"ன்னா, "உனக்கு என்னடா தெரியும், நீ சும்மா இரு"ம்பா. தலை என்னது, வாய் அவளோடது.

ஆனா ஒண்ணு சொல்லணும். அவ சொன்னது தப்பினதே இல்ல. குழந்தையில என்னைப் படுக்க வெச்சா வீல்னு கத்துவேனாம், தோள்ல நிமித்திப் போட்டா அடங்குவேனாம். டாக்டருங்களே வயித்து வலியா இருக்கும்னு சொன்னப்போ, இல்ல, தலைதான்னு சண்டை போட்டுப் படம் எடுக்க வெச்சவ அவ. குழாய் அடைச்சுக்கிட்டா தலையில தண்ணி ஏறும், படுத்தா இன்னும் ஏறும், உக்காந்தா கொஞ்சம் தாங்கும். அன்னிக்கு அவளே கண்டுபிடிச்ச பாடம் அது. அதுலேர்ந்து எங்க வீட்டுச் சட்டம் ஒண்ணே ஒண்ணு. அவனுக்குத் தலைவலின்னா, முதுகுக்குத் தலையணை குடுத்து நிமித்தி உக்கார வை. அப்புறம்தான் மத்ததெல்லாம். குழாய் அடைச்ச ஒவ்வொரு தடவையும் அந்தச் சட்டம்தான் என்னை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேத்திருக்கு.

போன மழைக்காலத்துல பழையபடி அடைச்சுது. இந்தத் தடவை பழசைப் பூரா எடுத்துட்டு வேற வால்வு வெச்சாங்க. தையல் பிரிச்சு, முடி கொஞ்சம் முளைச்சு, கடைக்கும் போக ஆரம்பிச்சாச்சு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தா.

அப்பதான் அந்த வலி வந்துச்சு. காலையில எழுந்திரிக்கும்போது ஒண்ணும் இருக்காது. கடையில நிக்க ஆரம்பிச்சதும் பின்மண்டையைப் பிடிச்சு யாரோ கீழ இழுக்கற மாதிரி இருக்கும். ஒருநாள் தாங்கமுடியாம உள் ரூமுல அட்டைப்பெட்டிங்களுக்கு நடுவுல காலை நீட்டிப் படுத்தேன். குழாயைத் திருகி மூடின மாதிரி வலி நின்னுபோச்சு. எழுந்தேன், வந்துச்சு. படுத்தேன், போச்சு. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. என் தலையைப் பத்தி நானா கண்டுபிடிச்ச முதல் விஷயம் அது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "படுத்தா வலிக்கலம்மா. நின்னாத்தான் வலிக்குது."

அம்மா என் கண்ணைப் பாத்தா, கழுத்தை வளைச்சுப் பாத்தா, வால்வைத் தொட்டுப் பாத்தா. "எந்தக் காலத்துல உனக்குப் படுத்து வலி குறைஞ்சிருக்கு? மயக்கமா இருந்திருக்கும், நல்லாருக்குன்னு நினைச்சிருப்ப. உக்காரு."

"இல்லம்மா, இது வேற மாதிரி."

"வேற மாதிரி என்ன வேற மாதிரி. தண்ணி ஏறிட்டா அப்புறம் யாரு கிடந்து அல்லாடறது."

தங்கச்சி அப்பதான் வேலை முடிஞ்சு வந்தா. அவளைப் பாத்து நியாயம் கேட்டேன். அவ பையைக்கூட இறக்கி வைக்கல. "அண்ணா, அம்மாவுக்குத் தெரியாததா? சொன்னா கேளு"ன்னா. அவ மேலயும் தப்பு சொல்ல முடியாது. அம்மா சொன்னது பொய்யாகி அவளும் பாத்ததில்ல. பெரிய டாக்டர் ஊர்ல இல்ல, திங்கக்கிழமை வந்துடுவார், அதுவரைக்கும் உக்கார வெச்சே சமாளிச்சுடலாம்னு அம்மா முடிவு பண்ணிட்டா. என்னைக் கேக்கணும்னு யாருக்கும் தோணல.

அந்த வாரக்கடைசி பூரா என்னை உக்கார வெச்சிருந்தாங்க. சுவரோரமா நாற்காலி, முதுகுக்கு ரெண்டு தலையணை. அம்மா பின்னால நின்னுக்கிட்டு என் நெத்தியை உள்ளங்கையால தாங்கிப் பிடிச்சிருந்தா. நான் சரிஞ்சு சரிஞ்சு கீழ இறங்குவேன், அவ அக்குள்ல கை குடுத்து மேல இழுப்பா. "கொஞ்சம் பொறுத்துக்கோடா, என் ராசா இல்ல"ம்பா. அவ சாப்பிடல, தூங்கல, கை மரத்துப்போனா மறு கையை மாத்திக்குவா. அந்தக் கை எவ்வளவு இதமா இருந்துச்சுன்னு உங்களுக்குச் சொல்லவே முடியாது. வலியில கண்ணு இருட்டுது, அதுலயும் அந்தக் கை நல்லாருக்கு. படுக்கணும்னு கெஞ்சினேன். அப்புறம் கெஞ்சறதையும் விட்டுட்டேன்.

திங்கக்கிழமை காலையில அம்மா டம்ளரை நீட்டினா, என் வலது கை எழும்பல. என்னன்னு சொல்ல வாயைத் திறந்தா வார்த்தை இல்ல.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. பெரிய டாக்டர் அன்னிக்கும் வரல. சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தங்கதான் இருந்தாங்க. படத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டுச் சொன்னாங்க. இது அடைப்பு இல்ல. புது வால்வு தண்ணியை அளவுக்கு மேல வடிச்சிருக்கு. நிமிந்து இருக்க இருக்க இன்னும் வடியும். மூளை சுருங்கி இறங்கி, மண்டையோட்டுக்கு அடியில ரத்தம் கட்டியிருக்கு. உடனே எடுக்கணும்.

அப்புறம் என் பக்கம் குனிஞ்சு கேட்டாங்க. "படுத்தா வலி குறைஞ்சுதா?" தலையை ஆட்டினேன். "வீட்டுல யார்கிட்டயும் சொல்லலையா?"

எனக்குப் பேச்சு வரல. வந்திருந்தா பொய் சொல்லியிருப்பேன், சத்தியமா சொல்லியிருப்பேன். அம்மாதான் பதில் சொன்னா, எப்பவும்போல. "சொன்னான். நான்தான் படுக்க விடல."

டாக்டரம்மா நல்லவங்க. படுத்திருந்தாலும் இது வந்திருக்கலாம்மா, நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்கன்னு பொறுமையா சொன்னாங்க. அம்மா காதுல அது விழுந்த மாதிரி தெரியல. தன் உள்ளங்கையையே பாத்துக்கிட்டு நின்னா.

ஆபரேஷன் ஆச்சு, பொழைச்சேன். வால்வையும் சரிபண்ணி வெச்சாங்க. வலது கை பாதி வந்துச்சு. கண்ணாடி ஸ்க்ரூ எவ்வளவு சின்னதுன்னு உங்களுக்குத் தெரியும், அதைப் பிடிக்க அந்தக் கைக்கு முடியல. முதலாளி கல்லாப்பக்கம் உக்கார வெச்சிருக்கார். பேச்சும் வந்துச்சு, ஆனா மெதுவா. நினைக்கறது முன்னால போயிடும், வார்த்தை பின்னால தட்டுத்தடுமாறி வரும். சட்டுன்னு ஒரு ஜோக் அடிக்க முடியல. லென்ஸ் தேய்க்கிற அண்ணன் இப்பல்லாம் என்னைக் குழாய்னு கூப்பிடறதில்ல.

அதெல்லாம்கூடப் பழகிடும். பழகாதது அம்மாதான். இப்ப எல்லாத்தையும் என்னைக் கேக்கறா. "படுக்கறியாப்பா? உக்காரணுமா? ஜன்னலைத் திறக்கட்டுமா? நீ சொல்லு, நீ சொன்னபடி செய்யறேன்." டாக்டர்கிட்ட போனா உள்ள வர்றதில்ல, வெளிய பெஞ்சுல உக்காந்துக்கறா. என்னை எதுக்கு, அவன் சொல்லுவான்னுடறா. எதுக்காக நான் காலம் பூரா அவளோட மல்லுக்கட்டினேனோ, அது கைமேல கிடைச்சிடுச்சு. எனக்கு அது வேண்டவே வேண்டாம்.

அவ என்னைத் தொடறதில்ல. சாப்பாட்டுத் தட்டை மேஜையில வெச்சுட்டு நகந்துடறா.

நேத்து சாயங்காலம் எனக்குக் காய்ச்சல். ஊர் பூரா அடிக்கிற காய்ச்சல்தான், அதோட சாதாரணத் தலைவலி. எனக்கு நல்லாத் தெரியும், குழாய் வலி இல்ல. இருந்தாலும் கூப்பிட்டேன். "அம்மா."

கதவுக்கிட்ட வந்து நின்னா. "எப்படி வலிக்குது? படுத்தாவா, உக்காந்தாவா?"

வந்து நெத்தியில கை வைன்னு சொல்ல நினைச்சேன். நாலே வார்த்தை. வாய்க்குள்ள புரளுது, வெளிய வரல. நான் பேசாம இருக்கறதைப் பாத்து அவ முகம் வெளுத்துப்போச்சு. "அடியே, வாடி இங்க, இவனுக்குப் பேச்சு வரல"ன்னு தங்கச்சியைக் கூப்பிட்டுக்கிட்டே போனா. அவ போனப்புறம் நாலு வார்த்தையும் ஒண்ணொண்ணா வந்துச்சு. கேக்க ஆளில்ல.

தங்கச்சி ஓடிவந்தா. "அம்மா... வரட்டும்"னேன் அவகிட்ட.

"அம்மா, உன்னைத்தான் கூப்பிடறான்."

அம்மா வாசப்படி தாண்டல. கை ரெண்டையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டா. "வேண்டாம்டி. நான் கிட்ட வந்தா மறுபடியும் எதையாவது பண்ணிடுவேன். நீயே பாரு."

தங்கச்சி கட்டில்ல உக்காந்து என் நெத்தியில கை வெச்சா. பாவம், நல்ல பொண்ணு, அவளால முடிஞ்ச அளவுக்கு மெதுவாத்தான் வெச்சா. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு, அடக்கவே முடியல. வலி தாங்காம அழறேன்னு நினைச்சு, அம்மா இன்னும் ஒரு அடி பின்னால போனா.